பட்டுப்பூச்சிக் கொட்டாயில் ஒரு நூலகம்

நான் பயந்தாங்கொள்ளி. இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மலைப்பாதை வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆற்றுக்குப் போனால் கரையிலேயே செருப்புக்குக் காவல் இருப்பேன். அப்படிப்பட்டவள், ஏரி உடையுமோ உடையாதோ என்று ஒரு ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில், இரண்டு மூட்டைப் புத்தகத்தோடு அந்த ஏரிக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். அதற்கு ஜெயமேரிதான் காரணம்.

ஜெயமேரி, மாரண்டஹள்ளிக்கு அப்பால் இருக்கும் ஒரு சிற்றூரில் நூலகர். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இரண்டு வருடம் முன்பு, அந்தப் பக்கத்துப் பேருந்து நேரங்களை நான் தப்பும் தவறுமாக எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டவர். அப்படித்தான் சிநேகிதம் ஆனது.

ஐப்பசி கடைசியில் அங்கே கொட்டிய மழையில் ஏரி நிரம்பியது. உபரித் தண்ணீர் வெளியேறுகிற இடத்தை அங்கே 'கோடி' என்பார்கள். கோடிக்குக் கீழே வாய்க்கால் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் தாழ்வான பக்கம் திரும்பிவிட்டது. தாழ்வான பக்கத்தில் இருந்தது நூலகம். யாருக்கும் பயன்படாத நிலம் என்று ஒரு காலத்தில் அங்கே கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதாம். "எல்லாம் போச்சுக்கா" என்று ஜெயமேரி அனுப்பிய குரல் பதிவில், அவர் பேச்சைவிடப் பின்னால் கேட்ட தண்ணீர்ச் சத்தம்தான் எனக்கு அதிகம் கேட்டது.

புத்தகம் போன இடத்துக்குப் புத்தகம் கொடுப்பதுதானே உதவி? எங்கள் குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டு இரண்டு மூட்டை சேர்த்தேன். கார்த்திகை இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை கிளம்பினேன். இதே நினைப்போடு அந்தப் பக்கம் கிளம்பும் உங்களில் சிலர் போகும் வழியைக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்குத் தருமபுரி வண்டி. சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். மூட்டைகளுக்குத் தனியாக லக்கேஜ் சீட்டு கிழித்தார் நடத்துநர். தொப்பூர் கணவாயில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு லாரி சாலையோரம் சாய்ந்து கிடக்க, அதன் தக்காளிப் பெட்டிகள் சரிவெல்லாம் சிதறிக் கிடந்தன. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யாரோ சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும், எனக்கு உயிர் முக்கியம்.

தருமபுரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போகும் வண்டி ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். பாலக்கோடு தாண்டியதும் தூறல் மழையாகிவிட்டது. மாரண்டஹள்ளியில் இறங்கி ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸைக் கேட்டால், தரைப்பாலத்தில் தண்ணீர் போவதால் இரண்டு நாளாக வண்டி இல்லை என்றார்கள். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பினால் மூட்டைகளை மறுபடி தூக்க வேண்டுமே என்ற சோம்பல்தான் என்னை முன்னே தள்ளியது.

ஜெயமேரி அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். பெயர் சவரி. ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் ஜெபமாலை, தலையில் பிளாஸ்டிக் பை. ஏழு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"மேடம், பாலத்து மேல தண்ணி போவுதுங்க. முழங்காலுக்குக் கூட வராது. ஒக்காருங்க, போயிரலாம்."

"வண்டி நின்னுட்டா?"

"நின்னா எறங்கித் தள்ளுவோம். நீங்களும்தான்."

தரைப்பாலம் என்று அவர் காட்டிய இடத்தில் எனக்குப் பாலமே தெரியவில்லை. காவி நிறத்தில் தண்ணீர் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஓரக் கற்களின் தலை மட்டும் அங்கங்கே வெளியே இருந்தது. சவரி வண்டியை நிறுத்தி, இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, நடுப்பகுதி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். அவரே சிலுவை போடுகிறார் என்றதும் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். பாதி வழியில் தண்ணீர் காலடிக்குள் ஏறியது. நான் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். கரை ஏறியதும் சவரி சொன்னார், "மூட்டையப் புடிச்சிக்கிட்டிங்களே மேடம், கம்பிய இல்ல புடிக்கணும்."

நூலக வாசலில் ஜெயமேரி நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், சேலையை இழுத்துச் சொருகி, கையில் துடைப்பம். கதவு ஊறி உப்பி, பாதிதான் திறந்தது. உள்ளே சேறு வழித்த தரை, சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கோட்டுக்குக் கீழே எல்லாம் பழுப்பு. ஏரிப் பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல். அதற்குள் என் சுண்டுவிரல் போனது. வெளியே எடுத்த விரல் ஈரமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏரித் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டேன். நூறடி தள்ளித்தான் என்றார். அந்த நூறடி எனக்குப் போதவில்லை.

என் மூட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வராந்தாவிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"இதையும் நான் எங்கக்கா வெப்பன்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அப்புறம் விஷயத்தைச் சொன்னார். நனைந்த புத்தகங்களை உலர்த்த ஊரில் காய்ந்த இடமே கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. கோயில் மண்டபம் ஒழுகியது. கடைசியில் மாதம்மா என்ற விவசாயி தன் பட்டுப்பூச்சிக் கொட்டாயைத் திறந்துவிட்டார். புழு வளர்க்கும் கொட்டாய், நல்ல காற்றோட்டம், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். அப்போது இரண்டு வளர்ப்புக்கு நடுவில் காலியாக இருந்தது. புத்தகங்களை அந்தத் தட்டுகளில் விரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் கொட்டாயைக் காலி செய்து கொடுக்க வேண்டும். இளம்புழு வரும் நாள் குறித்தாகிவிட்டது, அதற்குச் சில நாள் முன்பே கொட்டாயைக் கழுவி மருந்தடித்து மூட வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

"திங்கக்கெழம மேல ஆபீஸ்லருந்து பாக்க வராங்க. எதுவும் தேறாதுன்னு எழுதிட்டா, இருக்கறத வேற ஊரோட சேத்துட்டு இங்க பூட்டு போட்ருவாங்க. எடுத்துக் காட்டப் புத்தகம் வேணும். வெக்க எடம் இல்ல. மழையும் வுடல" என்றார் ஜெயமேரி.

பூட்டுப் போட்டால் என்ன, மாரண்டஹள்ளிக்குப் போய்ப் படிக்கலாமே என்று கேட்டேன். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. சவரிதான் பதில் சொன்னார். அவர் மகள் காவலர் தேர்வுக்குப் படிக்கிறாள். "வூட்ல ஒக்காந்து படிக்கறன்னா ஆயிரம் வேல சொல்லுவோம் மேடம். மாரண்டஹள்ளிக்குப் போறன்னா வுட மாட்டோம். லைப்ரரிக்குப் போறன்னா ஒண்ணும் சொல்றதில்ல." இப்போது அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். தக்காளி பறிக்கப் போகிறாளாம். அவள் தோழிகள் மூன்று பேரும் அப்படியே. ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கொட்டாய்க்குள் நுழைந்ததும் நான் கத்திவிட்டேன். தட்டுத் தட்டாகப் புத்தகங்கள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பூச்சு. பூஞ்சை மொத்தமாகத் தின்றுவிட்டது என்றே நினைத்தேன். கிட்டப் போனால் மூக்கைக் குத்தியது. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும். புழுத் தட்டில் ஈரம் தங்கினால் நோய் வருமென்று இவர்கள் சுண்ணாம்பு தூவுவது வழக்கம். புத்தகத்திலும் ஈரம்தானே என்று, மாதம்மாவும் அவரிடம் வேலை செய்யும் பெண்களும் ஜெயமேரி இல்லாத நேரத்தில் அதே கைப்பழக்கத்தில் எல்லாப் பக்கமும் தூவிவிட்டார்கள். சுண்ணாம்பு மட்டும் விழுந்த இடத்தில் தாள் சுமாராகக் காய்ந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் விழுந்த இடத்தில் எழுத்தே வெளுத்துப் போயிருந்தது. ஒரு குழந்தைப் புத்தகத்தில் யானையின் பாதி உடம்பைக் காணோம். வெள்ளைக்கு அடியில், அட்டைகளின் முதுகோரத்தில், பச்சையாகப் பூஞ்சை வரத் தொடங்கியிருந்தது.

மாதம்மா கொட்டாய் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. கனத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய், கண்ணில் மட்டும் தூக்கமில்லாத சிவப்பு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வானத்தைப் பார்த்து "பேடா சாமி, பேடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் சாமி, வேண்டாம் என்று அர்த்தம்.

"ஏம்மா மேரி, நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. போன வளர்ப்புல இதே மாதிரி ஈரத்துல புழுவுக்குக் காளான் நோய் வந்துச்சு. தட்டு தட்டா அள்ளிப் பொதச்சோம். கூடு ஒண்ணு கூடத் தேறல. இப்பவும் போச்சுன்னா நான் எந்திரிக்க மாட்டன். இந்தப் பச்சையப் பாக்கறப்பல்லாம் அந்தக் குழிதான் ஞாபகம் வருது."

"ரெண்டு நாள் குடுங்கக்கா."

"புழுவுக்குப் போடற மல்பெரித் தழ முத்திருச்சு. நாள் குறிச்ச புழுவும் நிக்காது. ரெண்டு நாளுக்கு நான் எங்க போவன்?"

இரண்டு பேருமே அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஏரிக் கரையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்த வழியே ஓடினார். கோடியில் தண்ணீர் மறுபடி கூடுகிறது, கீழ்ப்பக்கத்து ஆட்கள் மாடுகளை அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். காதைத் தீட்டிக் கேட்டால் மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு இரைச்சல் இருந்தது. எனக்கு உடனே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தரைப்பாலம் நினைவுக்கு வந்ததும் அதுவும் முடியாது என்று புரிந்தது.

வழி சொன்னவர் மாதம்மாதான். "தழ பத்தலன்னா என்னா பண்றோம்? புழுவப் பங்கு வெக்கறோம்ல. பத்து வூட்டுக்குப் பிரிச்சிக் குடுத்துப் பொழைக்க வெக்கறோம். அதே மாதிரி இதையும் பங்கு வெச்சிருங்க. ஆனா கொட்டாய் இருக்கற வூட்டுக்கு மட்டும் ஒண்ணு கூடப் போவக் கூடாது. இந்தப் பூஞ்ச அங்க போனா ஊரே கெடும்."

கொட்டாய் இல்லாத வீடுகள் என்றால் அந்த ஊரில் ஒரே இடம்தான். கல்லுமேடு. நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் இருக்கும் பாறைத் திட்டு. விளையாத இடம் என்பதால் அவர்களுக்கு விட்டது. விளையாத அந்த மேட்டில்தான் தண்ணீரும் ஏறவில்லை.

ஜெயமேரி தயங்கினார். "மேட்டுல யாரும் கார்டு போட்டதில்லக்கா. திரும்பி வரலன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" அவர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சவரி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் வீடும் மேட்டில்தான்.

"கார்டு போடலீங்க மேரியக்கா. எம்பொண்ணு தெனமும் ஒங்க வராண்டாவுலதான் ஒக்காந்துருந்துச்சு, உள்ள வரக் கூச்சப்பட்டுக்கிட்டு. எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. வூடு நனையாது. அது ஒண்ணுதான் இருக்குது."

ஜெயமேரி தலை குனிந்துகொண்டார். பிறகு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, முதல் தட்டிலிருந்து புத்தகங்களை எடுக்கத் தொடங்கினார்.

மல்பெரித் தழை சுமக்கும் கூடைகள்தான் கிடைத்தன. அடியில் உரச் சாக்கு, நடுவில் புத்தகம், மேலே மறுபடி உரச் சாக்கு. மேட்டிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள், கூலிக்குப் போன இடத்திலிருந்து ஆண்கள் வந்தார்கள். கொட்டாயிலிருந்து மேட்டுக்கு அரை கிலோமீட்டர் கூட இருக்காது, ஆனால் செம்மண் சரிவு. நான் இரண்டாவது நடையிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒவ்வொரு முறை மேலே போய்த் திரும்பும்போதும் ஏரி கண்ணில் பட்டது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்ததாக எனக்குத் தோன்றியது. உண்மையிலேயே குறைந்ததா, என் பயமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மேட்டில் எல்லாம் ஓரறை வீடுகள். சேலை காயப்போடும் கொடியை வீட்டுக்குள் கட்டி, புத்தகங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். ஒரு வீட்டில் அடுப்புக்கு மேலேயே அடுக்கப் பார்த்தார்கள், ஜெயமேரி ஓடிப் போய்த் தடுத்தார். எந்த வீட்டில் எது என்று அவர் எழுதிக்கொள்ளவில்லை, எழுத நேரமும் இல்லை. என் காய்ந்த மூட்டைகளையும் அங்கேயே பிரித்து, வீட்டுக்கு நாலைந்தாகக் கொடுத்துவிட்டோம். பூஞ்சை வந்த புத்தகத்தோடு அவை சேரக் கூடாது என்று தனியாக வைக்கச் சொன்னார். சவரியின் மகள் ஒரு பொது அறிவுப் புத்தகத்தை விரித்து, விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். உலர்த்துகிறாளா படிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணி வாக்கில் கொட்டாய் காலி. மாதம்மா உடனே மருந்து தெளிப்பவரை உள்ளே அனுப்பிவிட்டார். கரையில் இருந்தவர்கள் வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரைச்சல் குறைய அரை மணி ஆனது. அதுவரை மேட்டில் எல்லோரும் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளம்பும்போது ஜெயமேரி என் காலி மூட்டைகளில் ஒன்றை வாங்கி, நிரப்பி, என் கையில் கொடுத்தார். எல்லாம் ஈரப் புத்தகங்கள், இருப்பதிலேயே மோசமானவை. "ஒங்க வூட்ல பூச்சி வளக்கலயேக்கா" என்றார். சவரி தரைப்பாலத்தின் முன் நிறுத்தி, தண்ணீர் இறங்கும்வரை ஒரு மணி நேரம் என்னோடு காத்திருந்தார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. சேலம் வந்து சேரும்போது மணி ஒன்பது. வீடு முழுக்க ஏரி நாற்றம், வீட்டுக்காரர் இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளம் வந்த நூலகத்துக்கு உடனே புத்தகம் கொண்டு போகாதீர்கள். அங்கே இல்லாதது இடமும் காற்றும். பழைய செய்தித்தாள், பருத்தித் துணி, கொடிக்கயிறு, ஒரு மேசை விசிறி கொண்டு போங்கள். உலர்த்த நிழலும் காற்றும் போதும், பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். பூஞ்சையைத் தொடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மாரண்டஹள்ளிக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வெளிச்சத்திலேயே திரும்பலாம். டவுன் பஸ் ஓடும் நாளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ் ஓடவில்லை என்றால் தரைப்பாலம் மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம். என்னைப் போல் ஆட்டோவில் ஏறாதீர்கள், அன்று நாங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். திரும்பும்போது பையில் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளுங்கள், நனைந்த நாலு புத்தகம் உங்கள் வீட்டில் காயட்டும்.

திங்கட்கிழமை பார்க்க வந்தவர்களை ஜெயமேரி மேட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். வீட்டுக்கு வீடு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்களாம். வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். பதில் இன்னும் வரவில்லை. நூலகச் சுவரில் விரிசல் அப்படியே இருக்கிறது, புத்தகங்கள் இன்னும் மேட்டு வீடுகளில்தான். அந்தப் பயம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல என்னால் முடியாது. மாதம்மாவின் புழுக்கள் மட்டும் நல்லபடியாகக் கூடு கட்டிவிட்டன.

போன வாரம் அங்கே மறுபடி பெருமழை. விடிந்ததும் ஜெயமேரி கூப்பிட்டார். மழை ஆரம்பித்ததும் மேட்டுக்கு ஓடுவதற்காகக் குடையை எடுத்தாராம். அதற்குள் சவரியின் மனைவியே போன் செய்துவிட்டாளாம்.

"மேரியக்கா, மேல ஏறி வராதீங்க, வழுக்கும். கூர ஒழுகுதான்னு எல்லா வூட்டுலயும் பாத்துட்டம். புத்தகத்தக் கட்டில் மேல ஏத்தித் தார்ப்பாய் போட்டாச்சு. அரிசியத்தான் இனிமே பாக்கணும்."

முன்பெல்லாம் மழை வந்தால் அந்த ஊரில் புத்தகத்துக்காகப் பயப்பட ஜெயமேரி ஒருவர்தான் இருந்தார். இதைச் சொல்லும்போது அவர் அழுதார், நானும் அழுதேன். போனை வைத்துவிட்டு உள்ளே போய், அலமாரி மேல் காய்கிற என் பங்கைத் தொட்டுப் பார்த்தேன். சேலத்தில் அன்று மழையே இல்லை.